இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான், ஆனால் லைட் அடித்தால் பொருள் வேறு

கோவையில் 12 ஆண்டுகள் கார் ஓட்டியிருக்கிறீர்கள், வேலை மாற்றலாகி இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வரப்போகிறீர்கள். இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தானே இருக்கிறது, புதிதாகக் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. நம் ஊர்ச் சாலையில் சேர்த்துவைத்த அனுபவத்தில் எவ்வளவு இங்கே செல்லுபடியாகும், எவ்வளவு செல்லாக்காசாகும் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள். முதல் கேள்விக்கு விதிநூலைப் புரட்டியே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு விதிநூல் போதாது என்பதால்தான் இந்தப் பதில் சற்று நீள்கிறது.

நான் திருச்சியில் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவன். பிறகு இங்கிலாந்தில் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்றுநராகப் பதினேழு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களாக வந்தவர்கள். நான் கற்பிப்பது கார் மட்டுமே, ஆகையால் லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான தனி விதிகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. உரிமம், தேர்வு குறித்து நான் சொல்பவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும், வட அயர்லாந்தின் ஏற்பாடு தனி. சட்டம் என்று நான் குறிப்பிடுவதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வழக்கம் என்று குறிப்பிடுவது என் கண்ணில் பட்ட அளவுக்கே உண்மை, ஊருக்கு ஊர் அது மாறும்.

தாளில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் 2017இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. பிரிட்டனில் சாலைப் போக்குவரத்துச் சட்டங்களும், 1931இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு இன்றுவரை திருத்தப்பட்டுவரும் ‘ஹைவே கோடு’ என்னும் விதிநூலும் இருக்கின்றன. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், வலப்பக்கமாகவே ஓவர்டேக் செய்ய வேண்டும், தேவையின்றி ஹாரன் அடிக்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு ஒதுங்க வேண்டும் என்பவை இரண்டிலும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு இந்தியாவில் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவதில் இந்தியச் சட்டம்தான் கண்டிப்பானது என்றால் இங்கே பலர் நம்ப மறுக்கிறார்கள். இந்தியாவில் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றைய நிலையில் அந்த வரம்பு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் மட்டும் 2014 டிசம்பர் முதல் 50. ஆனால் இங்கே குற்றம் நிரூபணமானால் குறைந்தது 12 மாதங்களுக்கு வண்டி ஓட்டும் உரிமை பறிபோகும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் இறங்கிய பிறகுதான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன. பிரிட்டனில் ஒரு சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்பது அங்கே இருவர் வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம், சாலையில் வரைந்த கோடு அதைச் சொல்லிவிடும். நம் ஊரில் அதே முடிவு அந்தந்த நொடியில், கண்ணாலும் ஹாரனாலும் வண்டியின் முன்மூக்காலும் பேசி எடுக்கப்படுகிறது. அதனால்தான் கோவையில் நன்றாக ஓட்டுபவர் எதையும் நம்பாமல் எல்லாவற்றுக்கும் தயாராக ஓட்டுகிறார், இங்கே நன்றாக ஓட்டுபவர் பிறர் விதிப்படி நடப்பார் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறார். இந்த நம்பிக்கைதான் விபத்துகளைக் குறைக்கிறது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதே ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றும் சேர்ந்த பிரிட்டனில் 1,711 பேர். இந்தியாவின் மக்கள்தொகை இருபது மடங்குக்குச் சற்றே அதிகம், இறப்போ ஏறக்குறைய நூறு மடங்கு. ஆனால் இந்தியாவில் இறந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதால், இந்த எண்களை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக் கார் ஓட்டுநர்களின் குணத்தை ஒப்பிடுவது சரியாகாது. சாலையின் அமைப்பு, ஹெல்மெட், மருத்துவ உதவி வந்துசேரும் வேகம் என்று பலவும் அதில் கலந்திருக்கின்றன.

உங்களுக்கு முதலில் குழப்பம் தரப்போவது லைட் அடிப்பது. கோவை சாலையில் எதிரே வரும் வண்டி இரண்டு முறை லைட் அடித்தால், ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்’ என்று பொருள். இங்கே எதிரே வருபவர் லைட் அடித்தால், பத்தில் ஒன்பது முறை ‘நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்’ என்று பொருள். ஒரே சைகை நேரெதிரான இரண்டு பொருள்களைத் தருகிறது. என்னிடம் வந்த ஒருவர், குறுகிய தெருவில் தனக்கு வழிவிட்டு லைட் அடித்த பெண்மணியிடம் கோபித்துக்கொண்டு தாமும் லைட் அடித்தார். அவர் வழிவிடுகிறார் என்று அந்தப் பெண்மணி நினைத்துக்கொள்ள, இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்து, நடுவில் மூக்கோடு மூக்கு நின்றார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ‘போங்கள்’ என்ற பொருள் வழக்கம் மட்டுமே. தாம் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்க வேண்டும், வேறு எந்தச் செய்திக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது, பிறர் அடித்தால் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது என்றுதான் ஹைவே கோடு சொல்கிறது. எனவே லைட்டைப் பார்த்ததும் நகராதீர்கள். சாலை உண்மையிலேயே காலியா என்று நீங்களே பார்த்துவிட்டு நகருங்கள். தேர்வில் நீங்களாக லைட் அடிக்கவே வேண்டாம்.

ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் அது ‘நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்னும் தகவல், இங்கே கிட்டத்தட்ட வசவு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அடிப்பதும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை அடிப்பதும் சட்டப்படியே தவறு, பிறரால் ஆபத்து நேரும் சூழல் மட்டும் விலக்கு. சந்திப்பில் நேராகப் போகப்போகிறேன் என்பதற்காக நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் பழக்கம் உங்களிடம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். இங்கே அதற்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. வழிவிட்டவருக்கு அதை இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்லும் வழக்கம் உண்டு, அதுவும் விதிநூலில் இல்லாத ஒன்றுதான். கையை லேசாகத் தூக்கினாலே போதும்.

சந்திப்புகளில்தான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள், அதுவும் இரண்டு விதமாக. முதல் விதத்தினர் பிரதான சாலையில் சேரும்போது வண்டியின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, வருபவரைப் பிரேக் போடவைத்து இடம் பிடிப்பார்கள். கோவையில் இதைச் செய்யாவிட்டால் மாலைவரை நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே நம்மால் இன்னொருவர் வேகத்தைக் குறைக்கவோ திரும்பவோ நேர்ந்தால், தேர்வாளர் அதைக் கடுமையான தவறாகக் குறித்துவிடுவார், அன்றைய தேர்வு அதோடு முடிந்தது. இரண்டாம் விதத்தினர் இந்தக் கதைகளைக் கேட்டுப் பயந்து, ரவுண்டானாவில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் வராதவரை நின்றுகொண்டே இருப்பார்கள். அதுவும் குறையாகவே எண்ணப்படும், ஏனென்றால் போகலாம் என்ற நிலையில் போகாமல் நிற்பவரைப் பின்னால் வருபவர் எதிர்பார்ப்பதில்லை. ரவுண்டானாவில் வலப்பக்கத்து வண்டியை மட்டுமல்லாமல் அதன் இண்டிகேட்டரையும் படிக்கப் பழகுங்கள். அவர் உங்களுக்கு முந்தைய வழியிலேயே வெளியேறுகிறார் என்றால் உங்கள் வாய்ப்பு அங்கே திறக்கிறது. இந்தத் திறமை வர என் அனுபவத்தில் ஐந்தாறு மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது. இதில் பன்னிரண்டு ஆண்டு அனுபவசாலிக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை.

சிக்னல் விளக்கில் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சிவப்பு எரியும்போதே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும் ‘ஃப்ரீ லெஃப்ட்’ இங்கே இல்லை. இடப்பக்கத்துக்கென்று பச்சை அம்புக்குறி எரிந்தாலன்றி, திரும்புபவரும் எல்லோரோடும் நிற்க வேண்டும். அடுத்து, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். அது கியர் போட்டுத் தயாராவதற்கான நேரம், கோட்டைத் தாண்டுவதற்கான அனுமதி இல்லை. நம் ஊர்ச் சிக்னல்களில் விநாடி எண் குறைந்துகொண்டே வந்து, ஐந்தைத் தொட்டதும் பாதி வண்டிகள் கிளம்பிவிடும் காட்சியைப் பார்த்துப் பழகிய காலுக்கு இந்த இரண்டு விநாடிப் பொறுமை எளிதாக வருவதில்லை.

பாதசாரிகள் விஷயத்தில் 2022 ஜனவரி 29 முதல் ஹைவே கோடு ஒரு படி முன்னே போயிருக்கிறது. சாலையில் அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசை அதில் சேர்க்கப்பட்டது. நீங்கள் ஒரு கிளைத் தெருவுக்குள் திரும்பும்போது, அதைக் கடப்பவருக்கு மட்டுமின்றிக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும். மஞ்சள் உருண்டை விளக்கு மினுங்கும் ஸீப்ரா கிராசிங்கில், ஒருவர் கால் வைத்துவிட்டால் நிற்பது சட்டக் கடமை. காத்து நிற்பவருக்காக நிற்பது விதிநூலின் அறிவுரை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நூலின் சொல்லாட்சியே காட்டிவிடும். கட்டாயம் என்ற தொனியில் எழுதிய வரிகளுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. செய்ய வேண்டும் என்ற மென்மையான தொனியில் எழுதியவற்றை மீறுவது தன்னளவில் குற்றமாகாது, ஆனால் விபத்து வழக்கில் அதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம். கிளைத் தெரு விதியை இங்கே பிறந்து வளர்ந்த ஓட்டுநர்களே எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பதாகச் சொல்ல முடியாது. தேர்வில் நீங்கள் கடைப்பிடித்தாக வேண்டும்.

வேக வரம்பில் ஒரு விநோதம் இருக்கிறது. ஊருக்குள் பல தெருக்களில் வரம்பைச் சொல்லும் பலகையே இருக்காது. வரிசையாகத் தெருவிளக்குகள் நின்று, வேறு பலகை எதுவும் இல்லையென்றால் இங்கிலாந்தில் அதன் பொருள் மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் அத்தகைய தெருக்களில் 20 மைலாகிவிட்டது. வெள்ளை வட்டத்தின் குறுக்கே கருங்கோடு போட்ட பலகையைக் கண்டதும் ‘வரம்பு முடிந்தது, இஷ்டம்போல் போகலாம்’ என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். காருக்கு அது ஒற்றைச் சாலையில் 60 மைல், நடுவே பிரிக்கப்பட்ட இரட்டைச் சாலையில் 70 மைல் என்னும் தேசிய வரம்பைக் குறிக்கிறது. வளைந்து நெளியும் கிராமத்துச் சாலையிலும் இந்தப் பலகை நிற்கும் என்பதற்காக அங்கே 60இல் போகத் தேவையில்லை. இரண்டு வண்டி ஒதுங்க முடியாத அத்தகைய சாலைகளில் மேடேறி வருபவருக்கு இயன்றவரை இறங்குபவர் வழிவிட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டியிருந்தால் இது உங்களுக்குப் பழகியதுதான், இந்திய விதியும் அதுவே.

மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலையில், எத்தனை தடங்கள் இருந்தாலும் ஓட வேண்டியது இடது ஓரத் தடத்தில்தான், மற்றவை ஓவர்டேக் செய்வதற்கு. முந்தியதும் இடது தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சேலம் நெடுஞ்சாலையில் பாரமேற்றிய லாரி வலது தடத்தை விடாமல் ஊர்ந்துகொண்டிருக்க, வேறு வழியில்லாமல் இடப்பக்கமாக முந்திச் சென்ற பழக்கம் உங்களுக்குக் கட்டாயம் இருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், ஏனென்றால் வலப்பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கக் கண்ணாடியில் உங்களை எதிர்பார்த்திருக்கமாட்டார். நடுத் தடத்தில் காரணமின்றி ஓடிக்கொண்டிருப்பதற்கு 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும் விதிக்கக் காவலர்களுக்கு 2013 முதல் அதிகாரம் உண்டு. சொல்லப்போனால் கண்ணாடி பார்க்கும் பழக்கமே நமக்குப் பெரிய பாடம். இடப்பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

இனி உரிமம். இந்திய உரிமத்தோடு நீங்கள் இங்கே 12 மாதங்கள் கார் ஓட்டலாம். அந்தக் கணக்கு நீங்கள் இங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓடும், முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அல்ல. இந்திய உரிமத்தைக் கொடுத்துவிட்டுப் பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. பழகுநர் உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் புதிதாகத் தேற வேண்டும், அதற்குக் குறைந்தது 185 நாட்கள் இங்கே வசிக்கும் அனுமதி வேண்டும். 12 மாதத்துக்குள் தேறாவிட்டால், எல் பலகை மாட்டிக்கொண்டு, 21 வயது நிரம்பி மூன்றாண்டுகளாவது முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்ட முடியும். ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால், வந்த முதல் மாதமே பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் கிளட்ச் உள்ள காரை அந்த உரிமத்தோடு ஓட்ட முடியாது, இந்தியாவின் கார் உரிமத்தில் இந்தப் பாகுபாடு இல்லை.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு 14 காணொளிகளைக் காட்டி, ஆபத்து உருவாகத் தொடங்குவதைக் கண்டதும் சொடுக்கச் சொல்வார்கள், 75க்கு 44 எடுத்தால் தேர்ச்சி. இதில் நம்மவர்கள் தோற்பது கண் மந்தமாக இருப்பதால் அன்று, கூர்மையாக இருப்பதால். ஓரத்தில் நிற்கும் சைக்கிள், பாதி திறந்த கதவு, பந்தோடு சிறுவன் என்று எதைக் கண்டாலும் சொடுக்கிக்கொண்டே போக, கண்டபடி சொடுக்குகிறார் என்று கணினி முடிவுசெய்து அந்தக் காணொளிக்குச் சுழியம் போட்டுவிடுகிறது. உங்கள் அனுபவத்தில் இங்கே முழு மதிப்புக்குச் செல்லுபடியாவது இந்தக் கூர்மைதான், எங்கே சொடுக்க வேண்டும் என்ற அளவை மட்டும் பயிற்சிக் காணொளிகளில் கற்றுக்கொள்ளுங்கள். ஓட்டுத் தேர்வு சுமார் 40 நிமிடம் நடக்கும். சிறு தவறுகள் 15 வரை பொறுக்கப்படும், கடுமையான தவறு ஒன்று போதும் தோற்க.

காப்பீட்டைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் காப்பீடு வண்டியோடு போகிறது, செல்லத்தக்க உரிமம் உள்ள நண்பர் உங்கள் காரை ஓட்டினாலும் மூன்றாம் நபர் காப்பீடு பொதுவாக நிற்கும். இங்கே அது ஓட்டுநரோடு போகிறது. பாலிசியில் உங்கள் பெயர் இல்லையென்றால், நண்பரின் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வருவதும் பொதுவாகக் காப்பீடின்றி ஓட்டியதாகத்தான் கொள்ளப்படும். அதற்கு 300 பவுண்டு அபராதமும் 6 புள்ளிகளும் உண்டு, காரையும் காவல்துறை எடுத்துக்கொண்டு போகலாம். கையில் செல்போன் பிடித்தபடி ஓட்டினால் 200 பவுண்டும் அதே 6 புள்ளிகளும். தேர்வில் தேறிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகி, எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஊரில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் இங்கே நீங்கள் புதியவர்தான். இந்திய அனுபவத்துக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தருவதா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அதை நான் சொல்வதைவிட நீங்களே நான்கைந்து இடங்களில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு வருடத்தில் விடுமுறைக்குக் கோவை போவீர்கள். முதல் முறை நான் திருச்சிக்குத் திரும்பிப் போனபோது, ஒரு கடவைக் கோட்டருகே முதியவர் ஒருவர் நிற்பதைப் பார்த்து, கால் தானாகப் பிரேக்குக்குப் போக, வண்டியை நிறுத்திவிட்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. நான் கையசைத்துக் கூப்பிட்ட பிறகு இரண்டு அடி வைத்தார், அதற்குள் பின்னால் வந்த பைக் ஒன்று என் இடப்பக்கமாக அவர் வேட்டியை உரசிக்கொண்டு போனது. நான் நிற்பேன் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, பின்னால் வந்தவரும் எதிர்பார்க்கவில்லை, என் மரியாதையால் அவர் உயிர் போயிருக்கும். இப்போது ஊரில் யாருக்காகவாவது நிற்க நினைத்தால், முதலில் பின்கண்ணாடியைப் பார்க்கிறேன். வேகத்தை வெகு முன்பே குறைக்கிறேன். இடப்பக்கத்தில் பைக் நுழைய இடம் விடாமல் ஓரத்தை ஒட்டி வந்து, சன்னல் வழியே வலக்கையை வெளியே நீட்டிப் பின்னால் வருபவர்களுக்குக் காட்டிய பிறகுதான் நிறுத்துகிறேன்.